இருக்கைக்கு மேல் யாருமில்லை

மரிகினா
செப்டம்பர் 3

அன்பு அக்கா,

இந்நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள். மணி பன்னிரண்டரை. கையெழுத்து கோணலாக இருந்தால் தூக்கம்தான் காரணம். பகலில் பேனாவைத் தொட்டால் இசாய் மடியில் ஏறி அதைப் பிடுங்கிக்கொள்கிறாள். இன்னும் மூன்று வயது முடியவில்லை, அதற்குள் அத்தனை பேச்சு. இங்கே மூன்று பேரும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மடத்துக் கல்தரையில் மண்டியிட்டு அது இன்னும் மோசமாகித்தான் இருக்கும், நீ சொல்ல மாட்டாய். ஊரே கைபேசியில் பேசும் காலத்தில் நான் மட்டும் தபால்தலைக்கு வரிசையில் நிற்கிறேன் என்று என் வீட்டுக்காரர் ரொடெல் கேலி செய்கிறார். மடத்துக்குள் போன் விடமாட்டார்கள் என்றால் நான் என்ன செய்ய?

சந்தை முனையில் ரொடெலின் ஜீப்னி ஆள் ஏற்ற நிற்கும் இடம் உனக்கு நினைவிருக்கும். இப்போது அங்கே நீலச் சட்டை போட்ட பைக்குக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் நிற்கிறார்கள். கைபேசி ஆப்பில் தட்டினால் வீட்டு வாசலுக்கே வந்து ஹெல்மெட்டை நீட்டுகிறார்கள். எதிர்ப்பக்கம் ஏசி போட்ட புது மினிபஸ்கள். இதற்கு நடுவில் எல்லா ரூட்டையும் அரசு எடைபோட்டுப் பார்க்கப் போகிறதாம். ஆள் நிறைய ஏறும் ரூட்டு நிலைக்கும், மற்றவற்றை எடுத்துவிடுவார்கள். சந்தையிலிருந்து குபாவ் வரை போகும் நம் ரூட்டும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ரொடெலுக்கு அதில் பயமே இல்லை. "காலையில இருக்கை நிறைஞ்சு பின்னாடி கம்பியில ஆறு பேரு தொங்குறான். நம்ம ரூட்டை எவன் தொடுவான்?" என்கிறார். அதோடு விட்டிருக்கலாம். போனால் போகட்டும், நானும் நீலச் சட்டை மாட்டிக்கொண்டு பைக் ஓட்டப் போகிறேன் என்றார். நம் தம்பி ரெமியை பைக்கில் அடிபட்டபின் எப்படித் தூக்கி வந்தார்கள் என்று பார்த்த மனுஷன்தானே இவர்? பைக் சத்தம் கேட்டாலே இன்றைக்கும் இசாயைத் தூக்கிக்கொண்டு வாசலிலிருந்து உள்ளே போய்விடுகிறேன்.

எனக்கும் சில வாரங்களுக்கு ஓர் எழுத்து வேலை கிடைத்திருக்கிறது. காலையில் இசாயை மாமியார் பார்த்துக்கொள்வார்.

எங்களுக்காக வேண்டிக்கொள்.

உன் தங்கை
லீசெல்


மடம்
செப்டம்பர் 21

அன்பு லீசெலுக்கு, சேசுவுக்கே புகழ்.

முழங்காலைக் கேட்டதற்கு நன்றி. அது தன் இடத்தில் இருக்கிறது. இப்போது என்னைச் சலவையறைக்கு மாற்றிவிட்டார்கள், அதனால் முழங்காலை விட்டுவிட்டு முதுகைப் பற்றி விசாரி. இசாயின் பேச்சில் கொஞ்சம் எழுதி அனுப்பு. இங்கே மௌன நேரம் அதிகம், அதை வைத்து ஓட்டிக்கொள்வேன்.

பைக்குக்காரர்களின் சட்டை நிறம்வரை எழுதியிருக்கிறாய். உன் வேலையைப் பற்றி ஒரே வரி. என்ன எழுத்து வேலை? எங்கே? பட்டம் வாங்கி ஐந்து வருஷம் கழித்துக் கிடைத்த வேலையைப் பற்றி நீ ஒரு பக்கமாவது பீற்றிக்கொள்ள வேண்டாமா?

ரொடெலுக்கு என் அன்பு.

உன் அக்கா
சிஸ்டர் பெனிக்னா
(உனக்கு எப்போதும் பெர்லி)


மரிகினா
அக்டோபர் 12

அன்பு அக்கா,

உன் முதுகு எப்படி? இங்கே இரண்டு புயல் வந்து போய்விட்டது. தண்ணீர் நம் தெருவின் மூன்றாவது வீட்டோடு நின்றது. இசாய்க்கு நான்கு நாள் சளி, இப்போது தேவலை. நேற்று மாமியாரிடம், "மழைக்கு யாரு சோறு போடுறா? தினமும் வருதே" என்று கேட்டாளாம். இதை உன் மௌன நேரத்துக்கு வைத்துக்கொள்.

வேலை என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஓர் ஆய்வு நிறுவனத்துக்காகக் காலை ஆறிலிருந்து ஒன்பதுவரை நடைமேம்பாலத்தில் நின்று வண்டிகளைப் பார்த்துப் படிவத்தில் குறிக்க வேண்டும். தொப்பி, முகமூடி, முழுக்கைச் சட்டை எல்லாம் கொடுத்திருக்கிறார்கள். பன்னிரண்டு நாள் வேலை, நேற்றோடு முடிந்துவிட்டது. ரொடெல் வண்டி கீழே போகும்போது எனக்காக இரண்டு தடவை ஹாரன் அடிப்பார். நான் பைக்குகளை எண்ணுகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். "என் பொண்டாட்டிதான் அந்த நீலச் சட்டைக்காரனுங்களுக்குக் கணக்குப் பிள்ளை" என்று ஸ்டாண்டில் ஒரே சிரிப்பாம்.

அவரை நினைத்தால்தான் கவலை. கம்பியில் ஆள் தொங்க விட்டதற்குப் போக்குவரத்துக்காரர்கள் இதுவரை இரண்டு தடவை அபராதச் சீட்டு கொடுத்துவிட்டார்கள். மூன்றாவது தடவை பிடித்தால் லைசென்ஸைப் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். ஏற்றாதீர்கள் என்றால், "வேலைக்கு நேரமாச்சுன்னு ஓடி வந்து கம்பியைப் பிடிக்கிறவனோட கையைத் தட்டி விடச் சொல்றியா?" என்கிறார்.

தூக்கம் வருகிறது. மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

லீசெல்


மரிகினா
நவம்பர் 22

அன்பு அக்கா,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். திருவருகைக் காலம் தொடங்கிவிட்டால் கிறிஸ்துமஸ்வரை உனக்குக் கடிதம் கொடுக்க மாட்டார்கள் என்பதால் அவசரமாக எழுதுகிறேன்.

அறிவிப்பு வந்துவிட்டது. நம் ரூட்டை எடுத்துவிடுகிறார்கள். மார்ச் முடிந்ததும் குபாவ் வரை மினிபஸ் மட்டும்தான். காரணத்தை ஸ்டாண்டுச் சுவரிலேயே ஒட்டியிருக்கிறார்கள்: காலை நேரத்தில்கூட இருக்கைக்கு மேல் ஆளில்லை, மீதிப் பயணிகள் பைக்குகளுக்கு மாறிவிட்டார்கள், ஆகவே இந்த ரூட்டு தேவையில்லை. ரொடெல் அதை மூன்று தடவை படித்தார். "யாரு, நம்ம ரூட்டுலயா?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். பிப்ரவரி இருபத்துநான்காம் தேதி ஒரு விசாரணை உண்டு, ஆட்சேபம் இருந்தால் அங்கே சொல்லலாம்.

பயணிகளை எண்ணியவன் யாரோ ஆப் கம்பெனியிடம் கை நீட்டியிருக்கிறான் என்று ஓட்டுநர்கள் பேசிக்கொள்கிறார்கள். யாரென்று விசாரிக்கிறார்கள். ரொடெல் பைக் ஓட்டுவதற்கான விண்ணப்பத்தை வாங்கி வந்து சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார். நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இசாய் நன்றாக இருக்கிறாள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, வேறொன்றுமில்லை.

லீசெல்


மடம்
நவம்பர் 28

அன்பு லீசெல்,

நாளை மறுநாளிலிருந்து எங்களுக்குக் கடிதம் கிடையாது. இதை இன்றே தபாலில் சேர்க்கும்படி தலைமைத் தாயிடம் கேட்டிருக்கிறேன். முதுகு பரவாயில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடு.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கிறிஸ்துமஸ் முடிந்தபின் பதில் எழுதினால் போதும்.

எண்ணியது யார்?

பெர்லி


மரிகினா
டிசம்பர் 27

அன்பு அக்கா,

பிறப்பு விழா வாழ்த்துகள். நீங்கள் எல்லோரும் நலமாக இருக்கிறீர்களா? இங்கே இசாய்க்குப் புதுச் செருப்பு, அதைக் கழற்றாமல் தூங்குகிறாள்.

நான்தான் அக்கா.

நான் பைக்குகளை எண்ணவில்லை. சந்தை–குபாவ் ஜீப்னிகளை எண்ணினேன். அந்த ரூட்டில் சொந்தக்காரர் யாரும் ஓட்டவில்லை என்று வேலைக்குச் சேரும்போது கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அது முதல் பொய். அதனால்தான் ரொடெலிடம் பைக் என்று சொன்னேன். ஐந்து வருஷம் கழித்து என் கையில் ஒரு படிவமும் கழுத்தில் ஓர் அடையாள அட்டையும் வந்திருந்தது. விட மனசில்லை.

படிவத்தில் இரண்டு கட்டங்கள். ஒன்று, இருக்கையில். இன்னொன்று, இருக்கைக்கு மேல், அதாவது இடமில்லாமல் தொங்கிப் போகிறவர்கள். வண்டியின் எண்ணையும் பக்கத்தில் எழுத வேண்டும். முதல் நாள் காலை ரொடெலின் வண்டி வந்தது. பின்கம்பியில் ஆறு பேர். ஆறு என்று எழுதப் போனேன். இந்தத் தாள் போக்குவரத்துக்காரர்கள் கைக்குப் போய்விட்டால்? வண்டி எண்ணோடு, தேதியோடு, நேரத்தோடு, அவருடைய மூன்றாவது குற்றத்தை என் கையெழுத்திலேயே எழுதிக் கொடுப்பதா? சைபர் போட்டேன். அவர் கீழேயிருந்து ஹாரன் அடித்தார். அடுத்து செவேரோ அண்ணன் வண்டி. அவருக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது. அவருக்கும் சைபர். பன்னிரண்டு நாளும், எல்லா வண்டிக்கும், இருக்கைக்கு மேல் யாருமில்லை என்று எழுதினேன். எல்லோரையும் காப்பாற்றிவிட்டோம் என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்து அரிசி களைந்தேன். அந்தக் கட்டத்தை வைத்துத்தான் ரூட்டை எடைபோடுவார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கிறிஸ்துமஸ் இரவு செவேரோ அண்ணனும் இன்னும் இரண்டு ஓட்டுநர்களும் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார்கள். நான் புளிச்சாறு ஊற்றிக்கொண்டிருந்தேன். அண்ணன் சொன்னார்: "அந்த எண்ணினவனை மட்டும் ஒரு தடவை பார்க்கணும். அடிக்க மாட்டேன். என் வண்டியில கம்பியைப் பிடிச்சுத் தொங்க விட்டு குபாவ் வரைக்கும் கூட்டிட்டுப் போவேன். இப்ப எண்ணுடான்னு சொல்லுவேன்." எல்லோரும் சிரித்தார்கள். ரொடெலும் சிரித்தார். அண்ணனுக்கு இன்னும் கொஞ்சம் சோறு வேண்டுமா என்று கேட்டேன்.

இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை. படித்ததும் கிழித்துவிடு.

லீசெல்


மடம்
ஜனவரி 14

அன்புத் தங்கைக்கு, சேசுவுக்கே புகழ்.

கடிதத்தைக் கிழிக்கவில்லை. என் செபப் புத்தகத்துக்குள் இருக்கிறது. நான் நலம்.

நாலு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன். நீ செய்தது கெட்ட எண்ணத்தில் இல்லை என்று நான் சொல்லத் தேவையில்லை, உனக்கே தெரியும். ஆனால் என்னிடம் சொல்லிவிட்டதால் பாரம் இறங்கிவிட்டது என்று நினைத்துவிடாதே. சாட்சி சொல்லவும், ஓட்டவும், உன்னோடு ஒரே தட்டில் சாப்பிடவும் நான் அங்கே இல்லை. எனக்கு எழுதியதை ரொடெலிடம் சொல். உனக்காக நான் கடவுளிடம் பேசுகிறேன். உன் வீட்டுக்காரரிடம் நீதான் பேச வேண்டும்.

இன்னொன்று. விசாரணை பிப்ரவரி இருபத்துநான்கு என்றாய். சாம்பல் புதன் பதினெட்டாம் தேதி. அன்றிலிருந்து உயிர்ப்பு ஞாயிறுவரை தவக்காலம், நீ எழுதுவது எதுவும் என் கைக்கு வராது. அந்த நாளில் நான் இருக்க மாட்டேன் என்பதை இப்போதே தெரிந்துகொள்.

இசாய்க்கு என் முத்தத்தைக் கொடு.

பெர்லி


மரிகினா
பிப்ரவரி 9

அன்பு அக்கா,

சாம்பல் புதனுக்குள் இது வந்து சேரவேண்டும். உன் முதுகைப் பற்றிக் கேட்காமல் தொடங்கிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிட்டேன். அவர் வாசலில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார், இசாய் வாளிக்குள் கையை விட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்தால் அழுதுவிடுவேன் என்று பயம். அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. கண்ணாடி, விளக்கு, சாமி பெயர் எழுதிய பலகை, எல்லாம் துடைத்து முடித்தார்.

"எத்தனை நாளு?"

"பன்னிரண்டு."

"பன்னிரண்டு நாளும் ஹாரன் அடிச்சேன், லீசெல்."

அவ்வளவுதான் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை. ஒரு வாரம் இசாய் மூலமாகத்தான் பேச்சு. "அம்மாகிட்ட உப்பு கேளு." நேற்றுக் காலை கிளம்பும்போது, விசாரணைக்கு எத்தனை மணிக்குப் போகணும் என்று என்னைப் பார்க்காமல் கேட்டார். பத்து மணி என்றேன். "அடையாள அட்டையை எடுத்து வச்சுக்கோ" என்றார்.

போகிறோம் அக்கா. எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று உனக்குத் தெரியும். பத்தாம் வகுப்புப் பேச்சுப் போட்டியில் மேடையிலிருந்து இறங்கி ஓடியவள் நான். நிறுவனம் என்மேல் வழக்குப் போடுமோ, ஓட்டுநர்கள் இவரை ஸ்டாண்டை விட்டே தள்ளி வைப்பார்களோ, ஒன்றும் தெரியவில்லை.

லீசெல்


மரிகினா
ஏப்ரல் 1, பெரிய புதன்

அன்பு அக்கா,

நீ நலமா? நாற்பது நாளாக உனக்கு எழுதாமல் இருந்தேன். தலைமைத் தாயின் மேசை இழுப்பறைக்குள் கிடந்து என் கவலை புளித்துப்போக வேண்டாம் என்றுதான். இது ஞாயிற்றுக்கிழமை உன் கைக்கு வரும். நாங்கள் உடம்பால் நலம்.

விசாரணையில் சொன்னேன். இந்தத் தடவை இறங்கி ஓடவில்லை. அதிகாரி ஒரு பெண். பேனாவை வைத்துவிட்டு, "அப்படீன்னா இந்த ஓட்டுநருங்க தினமும் சட்டத்தை மீறினாங்கன்னு சொல்றீங்களா?" என்று கேட்டார். அப்போது பின்வரிசையில் செவேரோ அண்ணன் எழுந்தார். "ஆமாம்மா. ஆளைத் தொங்க விட்டுத்தான் ஓட்டினோம். நானும்தான். அதையும் எழுதிக்கோங்க." ஒவ்வொருவராக எழுந்து அதையே சொன்னார்கள். கடைசியில் ரொடெல் சொன்னார். மறுபடி ஒரு நாள் எண்ணிப் பார்ப்பதாக அதிகாரி ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு நாள், மார்ச் பதினேழு, அவர்களுடைய ஆட்களே எண்ணுவார்கள். நிறுவனம் வழக்குப் போடவில்லை, ஆனால் இனி எந்த ஆய்வுக்கும் என்னைச் சேர்க்க மாட்டார்கள். செவேரோ அண்ணன் வாசலில் என்னைத் தாண்டிப் போனார். அன்றிலிருந்து இன்றுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

பதினேழாம் தேதி விடியற்காலையிலேயே இசாயை இடுப்பில் தூக்கிக்கொண்டு முனைக்குப் போய்விட்டேன். மேம்பாலத்தில் இரண்டு பேர் அட்டையோடு நின்றார்கள். முதல் வண்டி வந்தது. இருக்கை நிறைந்தது. கம்பியில் யாருமில்லை. இரண்டாவது வண்டி, அதிலும் யாருமில்லை. சாலையோரம் பார்த்தால் கூட்டம் அப்படியே நிற்கிறது. செருப்புப் பட்டறைக்குப் போகிறவர்கள், இரவு வேலை முடிந்த நர்ஸ் பெண்கள், குபாவ் கடைகளின் காவல்காரர்கள். தினமும் ஓடிப்போய்க் கம்பியைப் பிடிக்கிறவர்கள் அன்றைக்குக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். சிலர் ஆப்பைத் திறந்து பைக் கூப்பிட்டுவிட்டார்கள். என் கண்ணெதிரே மூன்று பேர் நீலச் சட்டைகளின் பின்னால் ஏறிப் போனார்கள்.

காவல்கார இளைஞன் ஒருவனை எனக்குப் பார்த்த பழக்கம், பெயர் தாதோங். ஏன் ஏறவில்லை என்று கேட்டேன்.

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்: "மேல ஆபீசருங்க நிக்கிறாங்கக்கா. இன்னைக்கு யாரும் தொங்க வேண்டாம்னு நேத்தே பேசி வச்சுட்டோம். ரொடெல் அண்ணனுக்கு ஏற்கெனவே ரெண்டு சீட்டு இருக்காமே. அவருக்கு நல்லது பண்ணலாம்னுதான்."

அவன் முகத்தில் எவ்வளவு நிறைவு தெரியுமா. சைபர் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து அரிசி களைந்தபோது என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

"நானும் இதையேதான் தம்பி செஞ்சேன்" என்றேன். "அதனாலதான் ரூட்டு போகுது. ஏறுங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன், கம்பியைப் பிடிச்சுத் தொங்குங்க."

அவனுக்குப் புரியவில்லை. கூட்டம் முழுவதும் என்னைப் பைத்தியம் மாதிரிப் பார்த்தது. இடுப்பில் குழந்தை, சாலை நடுவில் நின்று வளர்ந்த ஆண்களைத் தொங்கச் சொல்லிக் கெஞ்சுகிறேன். ரெமிக்குப் பிறகு சாலையில் ஒருவன் வேகமாக நடந்தாலே பதறுகிறவள் நான். ரொடெலின் வண்டி திரும்பி வருவது தெரிந்தது. இசாயை நர்ஸ் பெண் ஒருத்தியிடம் கொடுத்தேன். வண்டி நிற்பதற்குள் ஓடிப்போய்க் கம்பியை நானே பிடித்து ஏறினேன். உள்ளங்கை எரிந்தது. கண்ணாடியில் ரொடெல் என்னைப் பார்த்தார். இறங்கு என்று சொல்லவில்லை. ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து தாதோங் எனக்குப் பக்கத்தில் ஏறினான். பின்னாலேயே இன்னும் நாலு பேர். அடுத்த வண்டியில் ஏழு. அதற்கடுத்ததில் எட்டு. ஒன்பது மணிவரை அப்படித்தான். மேலே நின்றவர்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். ஆனால் முதல் நாலைந்து வண்டிகள் போனது போனதுதான், அவற்றுக்கும் சைபர்தான் விழுந்திருக்கும்.

இரண்டாவது சிக்னலில் போக்குவரத்துக்காரர் ரொடெலை நிறுத்திவிட்டார். எண்ணுகிற நாள் என்று சொல்லிப் பார்த்தோம், அது எனக்குச் சம்பந்தமில்லை என்றார். மூன்றாவது சீட்டு. மூன்று மாதத்துக்கு லைசென்ஸ் கிடையாது. வண்டியை இப்போது செவேரோ அண்ணனின் மருமகன் ஓட்டுகிறார். ரொடெல் வீட்டில் இருக்கிறார், மீன் பொரிக்கிறார், இசாய்க்குத் தலை சீவுகிறார். என்னோடு பேசுகிறார், ஆனால் இன்னும் பழைய மாதிரி இல்லை. சிரித்துவிட்டு, சிரித்ததை நினைத்துக்கொண்டு நிறுத்திக்கொள்கிறார். பைக் விண்ணப்பம் படத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் அதை நிரப்ப முடியாது என்பதால் மூன்று மாதம் எனக்குத் தூக்கம் உண்டு. இப்படி ஒரு காரியத்தில் நிம்மதி தேடுகிறேனே என்று வெட்கமாகவும் இருக்கிறது.

ரூட்டின் பழைய கெடுவை முடிவு வரும்வரை தள்ளி வைத்திருக்கிறார்கள். முடிவு ஏப்ரல் இருபதாம் தேதி வருகிறது. ரூட்டு நிலைத்தால் இவர் ஜூனில் மறுபடி ஓட்டுவார். போனால் அந்த விண்ணப்பம்தான். அப்படி நடந்தால், வேண்டாம் என்று இவரைத் தடுக்க எனக்கு வாய் இருக்கிறதா? எண்ணத் தெரியாதவள் சொல்லலாமா? இதை ராத்திரி பகலாக யோசித்துப் பார்த்துவிட்டேன், எனக்கு விடை தெரியவில்லை. நீ என்ன சொன்னாலும் கேட்கிறேன்.

இருபதாம் தேதிக்குள் உன் கடிதம் வரவேண்டும். இதைப் படித்ததும் தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுது அக்கா.

லீசெல்